கழுத்து ஒடுங்கிய ரவைகள்

நான் துவக்குக் கடையில், அதுதான் துப்பாக்கி விற்கிற கடையில், வேலை செய்கிறேன் என்று சொன்னால் நம் சனம் "என்ன கடை?" என்று திருப்பிக் கேட்கும். இங்கே த பேசின் என்ற புறநகரில் உள்ள பிள்ளையார் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒரு பெரியவர், தட்டைப் பிடித்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார். துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்தவன் துவக்கைத் துடைத்துச் சம்பளம் வாங்கினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கே வரும்.

அந்தக் கோயிலில் கண்டு பழகிய ஒரு அன்ரி போன மாதம் மகனோடு கடைக்கு வந்தார். பொறியியலாளரான அவருடைய கணவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. அவர் நரி சுடப் போய்வந்தவர் என்பது கோயிலில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய துவக்கு முறைப்படி மகனின் பெயருக்கு மாறியிருந்தது, கூடவே அதில் போட்டுச் சுடும் ஒரு பெட்டி ரவைகள். ஞாயிற்றுக்கிழமை நண்பனின் பண்ணையில், ஆட்டுக்குட்டிகளைத் தூக்கும் நரிகளை அப்பாவின் ரவைகளாலேயே சுடவேண்டும் என்பது மகனின் ஆசை. அன்ரிதான் அவனைத் துவக்கோடும் பெட்டியோடும் இங்கே இழுத்து வந்திருந்தார்.

"தம்பி, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. இவன்ர கண்ணுக்கு மூஞ்சைக்கு ஒண்டும் வராதே?"

"அம்மா, அப்பா மேட் தெம். ஹீ வாஸ் ஸோ கேர்ஃபுல்" என்றான் மகன்.

"ஓம், அவர் செய்தாப் பிழைக்காதுதான்" என்றார் அன்ரி, நம்பியும் நம்பாமலும்.

அப்பா செய்தால் பிழை வராது. நம் வீடுகளில் இதற்கு மேல் ஒரு சான்றிதழ் கிடையாது.

ஒரு ரவையை எடுத்துப் பார்த்தேன். அடியில் 222 என்று பொறித்திருந்தது. அது இங்கே எந்தத் துவக்குக் கடையிலும் கிடைக்கிற சாதாரண ரவை. ஆனால் கழுத்தைப் பார்த்ததும் அதை விளக்கடிக்குக் கொண்டுபோனேன். அதன் வாயில் இருந்த சன்னம், பறந்துபோய்த் தாக்கும் குண்டு, பேனாவின் மைக்குழாயைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. இப்படியானவற்றை வைல்ட்கேட் என்பார்கள். தெரிந்த ஒரு ரவையின், வெடிமருந்து அடைக்கும் பித்தளைக் கோதை எடுத்து, அச்சில் கொடுத்துக் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கி, தன் துவக்குக்கென்று ஒருவர் தானே செய்துகொள்வது. அடியில் பழைய எண் அப்படியே இருக்கும். அதை நம்பினால் போச்சு.

ஊரில் நான் கண்டதெல்லாம் வேலியோரம் குவிந்து கிடந்த வெற்றுக் கோதுகள். யாரோ எங்கோ அள்ளிக் கொட்டிய சாமான்கள். ஒரு மனிதர் தனியாக இருந்து, தோடு செய்வதுபோல ஒவ்வொரு ரவையாகச் செய்திருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

எல்லாவற்றையும் கண்ணாடி மேசையில் நிறுத்தினேன். உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கழுத்து தொடங்குகிற தோள் சிலவற்றில் ஒரு அரிசியளவு தாழ்ந்திருந்தது. பெட்டிக்குள் இரண்டு இனம் கலந்து கிடந்திருக்கிறது. இந்தத் துவக்குக்கு உரியது எது? குழலில் எந்த ரவை என்று ஒரு எழுத்தும் இல்லை.

துவக்கையே கேட்பதுதான் வழி. ரவை இருக்கும் அறைக்கு அப்பால் குழலைச் சீலைத்துண்டால் அடைத்து, கொதிநீருக்கே உருகிவிடும் ஒரு கலப்பு உலோகத்தை உள்ளே ஊற்றினேன். இறுகியதும் முன்பக்கத்திலிருந்து கம்பியால் மெல்லத் தள்ளினேன். வெள்ளிபோல மினுங்கிக்கொண்டு அந்த அறையின் உள்வடிவம் முழுதாக வெளியே வந்தது. எத்தனை தரம் செய்தாலும் அதைக் கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். ஒருவர் கண்ணும் எட்டாத இடம் உள்ளங்கையில் வந்து கிடக்கிறது.

உயர்ந்த தோள் ரவைகள் அந்த வார்ப்போடு மயிரிழை பிசகாமல் பொருந்தின. மற்றவையும் துவக்குக்குள் போகும், ஆனால் முன்னால் இடைவெளி விழும். சுட்டால் கோது கிழிந்து சுடுவாயு பின்னால், சுடுகிறவனின் முகத்துக்கு வரும். அதை அப்படியே சொன்னேன். பெட்டியில் மேலாகக் கிடந்தவை, ஞாயிற்றுக்கிழமை முதலில் கைக்கு வந்திருக்கக்கூடியவை, அவைதான் என்பது மகனுக்கும் தெரியும். அவன் வெளிறிப் போனான்.

"அப்ப அவர் பிழை விட்டிட்டாரோ?" என்று கேட்டார் அன்ரி.

"இல்லை அன்ரி, ரெண்டும் திறமாச் செய்திருக்கிறார். மற்றது வேற துவக்குக்குச் செய்தது. அங்கிளிட்ட இன்னொண்டு இருந்ததோ?"

"ஓம்... வீடு வாங்கேக்க வித்தவர். எனக்கு மறந்தே போச்சு."

"சரியாப் பொருந்தினதையும் சுட வேண்டாம். உள்ளுக்கு எவ்வளவு மருந்து எண்டு அவருக்குத்தான் தெரியும்."

"அப்ப அப்பான்ர ஒண்டையுமே சுடேலாதா?" மகன் அன்றைக்கு முதல் தடவையாகத் தமிழில் கேட்டான்.

அன்ரி அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டு கைகளாலும் அவன் முகத்தைப் பிடித்து, பெருவிரல்களால் அவனுடைய இமைகளைத் தடவினார், பிறகு கன்னங்களை, பிறகு திரும்பவும் இமைகளை. கடையில் நின்ற வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாயைவிட ஓரடி வளர்ந்த அந்த மனிதன் விலகவில்லை. அவருடைய கைக்கு எட்டும்படி குனிந்து கொடுத்தான்.