ஆறு கூடைத் தக்காளி

பேருந்து வரத் தாமதமாகும் என்பதால் உடுமலைப்பேட்டைச் சந்தைக்குள் நுழைகிறேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரப் பெண் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிப் பழங்களை ஒதுக்கிவிட்டு, தொட்டால் பிதுங்குகிற பழங்களையே பொறுக்குகிறாள்.

யாரென்று கடைக்கார அம்மாவிடம் கேட்கிறேன்.

"இத்தாலிங்க. ஊட்டுக்காரரு மில்லுல மெசின் மாட்ட வந்தவருங்க. ரெண்டு கொழந்தைக. வாராவாரம் ரெண்டு கிலோ வாங்குவாங்க, இன்னிக்கு ஆறு கூடை! விசேசமுங்களான்னு கேட்டேன். இல்லீங்களாமா. அவங்கூர்ல வருசத்துக்கு ஒருக்கா தக்காளியக் காச்சி, பாட்டில்ல அடைச்சு வெச்சுக்குவாங்களாமா. அடுத்த வருசம் வரைக்கும் அதுதானுங்களாமா."

"போன வருஷமும் செய்தார்களா?"

"எங்கீங்க! எப்ப ஊருக்குப் போறமோன்னு செய்யலீங்க. இப்ப மில்லுல இங்கயே இருந்துக்கச் சொல்றாங்களாமா. அவருதான் யோசிச்சுட்டே இருக்காரு."

எதிரே ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து கணவன் வருகிறான். கூடைகளைப் பார்த்ததும் தலையில் கைவைத்து, அவர்கள் மொழியில் படபடவென்று ஏதோ கேட்கிறான். அவள் நிமிராமல் பழம் பொறுக்குகிறாள்.

கடைக்கார அம்மா ஒரு கை பச்சைமிளகாயைக் கொசுறாக அள்ளிப் போடுகிறார். "இதையும் போட்டுக் காச்சுங்க அம்மணி. வெறுந்தக்காளிய ஒரு வருசம் எப்படித் திங்கறது?"

அவள் சிரித்துக்கொண்டே மிளகாயைத் திருப்பிக் கொடுக்கிறாள்.

"அடுத்த வருசம் போட்டுக்கறனுங்க."

அந்த 'அடுத்த வருசம்' காதில் விழுந்ததும் கணவன் அவளைத் திரும்பிப் பார்க்கிறான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, முதல் கூடையைத் தூக்கித் தோளில் வைக்கிறான்.