கிஷ் தீவில் எழுதிய இரண்டு கடிதங்கள்

போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா?

இரண்டு பேர் கவனித்திருக்கிறார்கள். ஒருவர் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர். இன்னொருவர் திருச்சி வாசகி. 'தீவுக்குப் போயிருக்கிறீர்களாமே! கடலைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறீர்களா? கொடுத்து வைத்தவர் நீங்கள்' என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்.

அம்மணி... அந்தத் தீவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!

எனக்கும் அந்த ஆசை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். துபாய் அல் குசைஸில் எங்கள் ஃபிளாட்டின் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கிரேக்கத் தீவின் படம் ஒட்டியிருக்கிறேன். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, வாசலில் ஒரு மேஜை. இப்படி ஓர் இடத்தில் உட்கார வைத்தால் மாதம் ஒரு நாவல் எழுதிவிடுவேன் என்று கணவரிடம் அளந்துவிடுவேன். "முதல்ல இந்த வாரப் பத்தியை அனுப்பு" என்பார் அவர்.

கடைசியில் தீவு கிடைத்தேவிட்டது. கிஷ்!

துபாய்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விசிட் விசாவில் இருப்பவர்கள், அது முடிந்ததும் நாட்டை விட்டு வெளியே போக வேண்டும். புது விசா வந்தபிறகுதான் மறுபடி உள்ளே வரலாம். அதற்காக ஊர்வரை போவானேன் என்று, விமானத்தில் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும் இந்த இரானியத் தீவில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். விசாவின் நகல் ஹோட்டலுக்கு ஃபேக்ஸில் வரும். தீவில் பதினான்கு நாள்தான் இருக்கலாம். அதற்குள் வந்தால் துபாய். வராவிட்டால் சொந்த ஊர்.

என் கணவர் கம்பெனி மாறியதில் என் பழைய விசா ரத்தாகி, இடையில் விசிட் விசாவில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதுவும் முடிந்தது. "ரெண்டே நாள். பிக்னிக் மாதிரி நெனச்சுக்கோ" என்று ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டார். இந்த மனுஷர் சொன்ன 'ரெண்டு நாள்' என்றைக்கு ரெண்டு நாளாக இருந்திருக்கிறது?

இருநூறு பக்க நோட்டு ஒன்று, பேனா மூன்று. முதல் நாள் காலையிலேயே மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். எதிரே கடல். நீலமாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. 'கடல்' என்று எழுதினேன். அடித்தேன். தலையில் கட்டிய ஸ்கார்ஃப் வழுக்கியது, சரி செய்தேன். ஒரு டீ குடித்தேன். மறுபடி 'கடல்' என்று எழுதினேன். அதற்குள் கால் என்னைக் கேட்காமலே கீழே லாபிக்கு இறங்கிப் போய்விட்டது.

ஏன்? ஃபேக்ஸ் மெஷின் அங்கேதானே இருக்கிறது!

லாபியில் ஐம்பது அறுபது பேர். ஃபிலிப்பைன்ஸ் பெண்கள், மலையாளிகள், பாகிஸ்தானிகள், நம்மவர்கள். கடலுக்கு எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு அந்த மெஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அது 'கிர்ர்' என்றால் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். ரிசப்ஷனில் ரேஸா என்றொருவர். தாளைக் கிழித்துப் பெயரை வாசிப்பார். வேறு ஏதாவது தாளாக இருந்தால், "ஆஜ் மாஃபி!" என்று கையை விரிப்பார். இந்தியில் பாதி, அரபியில் பாதி. இன்றைக்கு இல்லை.

விசா வந்தவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மிச்சமிருப்பதையெல்லாம் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ரைஸ் குக்கர், தீராத ஃபோன் கார்டு, செருப்புகூட. நான்காம் நாள் எனக்கு ஒரு மலையாள நர்ஸிடமிருந்து அரை பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் வந்தது. வாங்கும்போது பகீரென்றது. ஊறுகாய் சேர்க்கும் அளவுக்கா இங்கே இருக்கப் போகிறேன்?

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. புத்தகத்தில் ஒரே பக்கத்தைப் பன்னிரண்டு தடவை படித்தேன். கணவருக்கு ஃபோன் செய்து சண்டை போட்டேன். சண்டையும் சீக்கிரமே தீர்ந்துபோய்விட்டது.

என்னைப்போலவே நிலைகொள்ளாத ஆள் அங்கே இன்னொருவரும் இருந்தார். மாரிமுத்து. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) ஜெயங்கொண்டத்துப் பக்கம். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். வெல்டர். லாபியில் இருந்த ஆட்டம் காணும் நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டு, இரானியக் காசு ஒன்றால் திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா" என்றார்.

ஊரில் சொந்தமாக கிரில் பட்டறை வைத்திருந்தவர். அதை மூடி, போர்டைக் கழற்றிவிட்டுத் துபாய்க்கு வந்தார். அந்த இடத்தில் இப்போது செல்ஃபோன் கடை வந்துவிட்டது. அல் குசைஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை சொல்லியிருந்தார்கள். கம்பெனி விசா 'நாளைக்கு, நாளைக்கு' என்றே பதினோரு நாள் ஓடிவிட்டது. எனக்கு அன்று எட்டாவது நாள்.

"அக்கா, நீங்க பத்திரிகைல எழுதுறவங்களாமே. எங்க மேனேஜருக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் போட்டுக் குடுங்களேன். விசாவச் சீக்கிரம் அனுப்பச் சொல்லி."

எட்டு நாளாக ஒரு வரி ஓடாதவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மேஜையில் உட்கார்ந்தேன். பேனா பறந்தது. மூன்று பக்கம்! வெறும் விசாவுக்காக யார் இரங்குவார்கள்? ஒரு அம்மாவைக் கொண்டுவந்தேன். அந்த அம்மாவைப் படுத்த படுக்கையாக்கினேன். மகனுக்கு வேலை நிலைத்துவிட்டது என்ற செய்தியைக் கேட்கத்தான் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று முடித்தேன். முடித்ததும் நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாக வந்திருந்தது.

"என்னக்கா எழுதிருக்கு?"

"நல்லா உருக்கமா எழுதியிருக்கேன் தம்பி. கையெழுத்துப் போடுங்க."

போட்டார். ரேஸா ஃபேக்ஸில் அனுப்பினார்.

மறுநாள் மத்தியானம் மெஷின் 'கிர்ர்' என்றது. "மாரிமுத்து!" லாபியே கை தட்டியது. நானும் தட்டினேன். என் எழுத்தின் வலிமையைப் பாருங்கள் என்று சுற்றிலும் ஒரு பார்வைகூடப் பார்த்தேன்.

வந்தது விசா இல்லை. விமான டிக்கெட். கிஷ் - துபாய் - சென்னை. கூடவே மேனேஜர் கைப்பட எழுதிய நாலு வரி. தாளை மாரிமுத்து என்னிடம் நீட்டினார். 'அம்மா என்பவர் ஒருவர்தான். வேலை எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். உன் விசா விண்ணப்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். உடனே அவரிடம் போய்ச் சேர்' என்று எழுதியிருந்தது.

வாய்விட்டுத் தமிழில் படித்துச் சொன்ன பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அதற்குள் மாரிமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மாவுக்கு என்னமோ ஆயிப்போச்சு... கம்பெனிக்கு ஃபோன் வந்துருக்கு. எங்கிட்ட மறைக்கிறாங்க..."

"இல்ல தம்பி! நான்தான்—"

அவர் எங்கே கேட்டார்? ஃபோன் பூத்துக்கு ஓடினார். பின்னாலேயே ஓடினேன். "ஒண்ணுமில்ல தம்பி! நான்தான் அப்படி எழுதினேன்! சும்மா எழுதினேன்!" என்று அறுபது பேர் நடுவில் கத்தினேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். தலையை ஆட்டிக்கொண்டே நம்பரை அழுத்தினார்.

பக்கத்து வீட்டு நம்பர். அம்மா முந்திரிக்காட்டில் இருக்கிறாராம், கூட்டி வருகிறோம் என்றார்கள். முந்திரிக்காட்டில் இருக்கிறார் என்றால் நன்றாகத்தானே இருக்கிறார்? அது அவர் காதில் ஏறவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார். பத்து நிமிஷம் இருக்கும். சண்டாளி, இப்படிப் பண்ணிவிட்டாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அப்புறம் அந்தக் குரல், வெளியே நின்ற எனக்கே கேட்டது. "ஏன்டா, வேல நேரத்துல ஃபோனு? சோறு தின்னியா?"

"நல்லாருக்கியாம்மா?"

"எனக்கென்ன கேடு? கொட்ட பொறுக்கிக்கிட்டு இருந்தேன். ஓடியாரச் சொன்னாங்க, மூச்சு வாங்குது. என்னடா விசயம்?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

ரிசீவரை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"நல்லாருக்குற பொம்பளய எதுக்குக்கா படுக்கப் போட்டீங்க?"

இருபது வருஷமாக எழுதுகிறேன். எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இதை மட்டும் யாரும் கேட்டதில்லை. "தப்புதான் தம்பி, மன்னிச்சிடுங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

மாரிமுத்துவின் கம்பெனியில் விசா வேலைகளைப் பார்ப்பவர் கீழக்கரை ஹமீது பாய். அவருக்கு ஃபோன் போட்டேன்.

"லெட்டராம்மா எழுதினீங்க அது?" என்று எடுத்ததுமே பொரிந்தார். "எங்க மேனேஜரு எகிப்துக்காரரு. அவரோட உம்மா மவுத்தாகி ரெண்டு மாசம்தான் ஆவுது. ஆஃபீஸ்லயே உக்காந்து அழுவுறாரு மனுசன்! விசாவுல கையெழுத்துப் போட பேனாவ எடுத்தவரு, ஒங்க லெட்டரப் பாத்துட்டு மூடி வச்சிட்டாரு."

கேட்டீர்களா? ஒன்றும் எழுதாமல் இருந்திருந்தால் அன்றைக்கே விசா வந்திருக்கும்!

"இப்ப என்ன பண்றது பாய்?"

"பொய்னு சொன்னா வேல காலி. சொல்லாட்டி நாளன்னைக்கு ஆளு மெட்ராஸ். நீங்களே எழுதினது, நீங்களே பாத்துக்கங்க."

மறுநாள் காலையில் நானும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். "தம்பி, அம்மா திடீர்னு குணமாயிட்டாங்கன்னு எழுதிடலாம். ஒரு புது டாக்டர் வந்து..."

"வேணாங்கக்கா." கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க எழுத எழுத எங்கம்மா பாடுதான் திண்டாட்டமா இருக்கு. நான் சொல்றேன், அத மட்டும் எழுதுங்க."

சொன்னார். எழுதினேன். "சார், எங்க அம்மா நல்லாருக்காங்க. முன்ன வந்த லெட்டர்ல இருந்தது பொய். என்ன எழுதிருக்குன்னு கேக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. உங்க அம்மா எறந்துட்டாங்கன்னு இப்பத்தான் தெரியும். வருத்தமா இருக்கு. நான் வெல்டர். எனக்கு வேல தெரியும். விசா குடுத்தா டியூட்டிக்கு வர்றேன்."

அவ்வளவுதான். 'பணிவுடன்' என்று ஒன்று சேர்க்கலாமா என்று என் கை துறுதுறுத்தது. "மேல எதுவும் போட்றாதீங்க" என்றார். இந்தத் தடவை விடவில்லை. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டபிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அன்று பிற்பகலே மெஷின் 'கிர்ர்' என்றது. என் பெயரை வாசித்தார் ரேஸா. என் விசா! கை தட்டினார்கள். மாரிமுத்துவும் தட்டினார். எனக்குத் தலை நிமிரவில்லை. அப்படியும் அன்றைக்கே ஓடிப்போகத்தான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. விமானத்தில் இடமில்லை, நாளை சாயங்காலம்தான் என்றுவிட்டார்கள். மாரிமுத்துவின் சென்னை டிக்கெட்டும் அதே விமானத்துக்கு. அது அவருடைய பதினான்காவது நாள்.

மறுநாள் காலை முழுக்க நடந்தேன். லாபியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. "மேடம், ஸிட், ஸிட்" என்று ரேஸாவே கெஞ்சினார். விசா வந்த ஒருத்தி அந்த மெஷினை அப்படி முறைத்துப் பார்த்தது அந்த ஹோட்டலில் முதல் தடவையாக இருக்கும். பத்து மணி, "மாஃபி". பதினொன்று, "மாஃபி". மாரிமுத்து பையைக் கட்டி வைத்துவிட்டுக் கடைசி நாற்காலியின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டேகால் மணிக்கு வந்தது. விசா!

ரேஸா பெயரை முழுதாக வாசித்து முடிப்பதற்குள் நான் கத்திவிட்டேன். ஸ்கார்ஃப் நழுவியதுகூடத் தெரியவில்லை. ஹமீது பாய்க்கு ஃபோன் செய்தால், "மொதல்ல வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சாருமா. பொறவு, 'அவன் உம்மா நல்லா இருக்காங்களா?'ன்னு கேட்டாரு. 'நல்லா இருக்காங்க'ன்னேன். 'அல்ஹம்துலில்லாஹ்'ன்னுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றார்.

இரண்டு பேரும் ஒரே விமானத்தில் துபாய் திரும்பினோம். மாரிமுத்து போன திங்களன்று டியூட்டியில் சேர்ந்துவிட்டார். இதை எழுதலாமா என்று ஃபோனில் கேட்டேன். யோசித்துவிட்டு, "எழுதுங்கக்கா. ஆனா எங்கம்மாவப் பத்தி இருக்கறத மட்டும் எழுதுங்க" என்றார்.

எழுதிவிடுகிறேன். மாரிமுத்துவின் அம்மா நன்றாக இருக்கிறார். முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.