முன்னால் போன பந்து

க்ளெமென்ட் வோய்டாஸ் முப்பத்துநான்கு ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். ஈரி ஏரிக்கரையில் உள்ள அந்த மாவட்டத்தில் அவர் சோதிக்காத பெட்ரோல் பம்பும் இல்லை, இறைச்சிக்கடைத் தராசும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் அமெரிக்கக் கால்பந்து அணியின் மைதானத்தில், பத்திரிகையாளர் மாடத்துக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எத்தனை கெஜம் நகர்ந்தது என்று அதிகாரபூர்வக் கணக்கு எழுதுவார். 1981 செப்டம்பர் 13 முதல் அவர் தவறவிட்டவை இரண்டே ஆட்டங்கள். ஒன்று மனைவி லோரேனை அடக்கம் செய்த வாரம். மற்றது குடல்வால் அறுவை.

அந்தக் காலத்தில் ஓடுகிறவன் ஓடினான், பிடிக்கிறவன் பிடித்தான். கணக்குத் தாளில் ஆளுக்கு ஒரு கட்டம் போதும். இப்போது ஜமாரி ஃபான்டனோ என்ற லூசியானா பையன் ஒரு முறை பின்னால் நிற்கிறான், மறுமுறை கோட்டோரம் நிற்கிறான், அடுத்த முறை தானே பந்தை எறிகிறான். ஒரே ஆளின் பெயர் மூன்று கட்டங்களில். முப்பத்தாறு வயதுப் பயிற்சியாளர் மேத்தர், ஓட்டல் மெனு அளவுக்கு ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, இந்தக் கூத்தையெல்லாம் நடத்துவார். பத்திரிகைகள் அதைப் புரட்சி என்றன. க்ளெமென்டுக்கு அது தராசுத் தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டுகிற வேலையாகப் பட்டது.

2024 ஜனவரி 7, பருவத்தின் கடைசி ஆட்டம். ஒரு பருவத்தில் பந்தோடு ஓடிய தூரத்தில் அணியின் சாதனை 1,386 கெஜம். 1984இல் லாயல் ஹென்க் ஓடியது, எழுதியவர் க்ளெமென்ட். ஹென்க் அதைப் பதினாறு ஆட்டங்களில் செய்தார். இப்போது பருவத்துக்குப் பதினேழு ஆட்டம், அதிலும் க்ளெமென்டுக்கு எரிச்சல். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் பத்து விநாடி இருந்தபோது ஜமாரியின் கணக்கு 1,372. சாதனையை முறியடிக்க இன்னும் பதினைந்து.

ஜமாரி கோட்டோரத்திலிருந்து குறுக்கே ஓடி வந்தான். பந்து எறிகிறவன் அதை அவன் கையில் வைக்கவில்லை. ஒரு சாண் தூரம் முன்னால் தட்டிவிட்டான். ஜமாரி பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு கெஜம் பறந்தான். அரங்கம் அதிர்ந்தது. புதிய சாதனை என்று ஒலிபெருக்கி கத்தியது.

க்ளெமென்ட் பென்சிலை வைத்தார். "எறிந்த பந்து. பிடித்தது ஜமாரி. இருபத்திரண்டு."

பக்கத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, பந்து யாரிடம் என்று அவருக்குப் பார்த்துச் சொல்லும் ராஸ் டெக்கர், ஐம்பத்தெட்டு வயதுக்காரி, திரும்பிப் பார்த்தாள். "க்ளெம், வெளிய என்ன நடக்குதுன்னு கேக்குதா?"

"கேக்குது. பந்து முன்னால போச்சா இல்லையா?"

"போச்சு. ஒரு சாண்தான்."

"ஒரு சாண் போனாலும் அது எறிஞ்சதுதான். ஓட்டத்துல சேராது."

எதிரணி ஆட்டத்தை நிறுத்திய இடைவேளையில், அணியின் செய்தித் தொடர்பாளன் ட்ரென்ட் மாடத்துக்குள் ஓடி வந்தான். கீழே கோட்டோரத்தில், விருந்தினராக வந்திருந்த ஹென்க் கைத்தடியை ஊன்றி நின்று, தன் 1984 சாதனையின் நினைவுப் பந்தை ஜமாரியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். புகைப்படக்காரர்கள் மொய்த்தார்கள்.

"சார், எல்லாரும் ஓட்டம்னுதான் பாத்தாங்க. பெரியவர் பந்தையே குடுத்துட்டாரு. இப்ப எப்படி மாத்தறது?"

"குடுக்கச் சொன்னது யாரு? நானா?"

"ஹென்க் உங்க காலத்து ஆளு. அதனாலதான் இழுக்கறீங்கன்னு சொல்லுவாங்க சார்."

க்ளெமென்டின் முகம் சிவந்தது. வெங்காயம் போட்ட சாசேஜ் ரொட்டி பாதியில் இருந்தது. அதைத் தள்ளி வைத்தார். "தம்பி, இருபது வருஷம் நான் தினமும் சாப்பிட்ட கடையோட தராசையே தப்புன்னு சீல் வெச்சு மூடினேன். அந்த ரீப்ளேயப் போடு. பந்து பின்னால போயிருந்தா, இப்பவே ஓட்டம்னு எழுதி அந்தப் பையன் கையக் குலுக்கறேன்."

போட்டார்கள். மூன்று கோணங்களில் பார்த்தார்கள். மூன்றிலும் பந்து முன்னால்தான் போனது. ட்ரென்ட் கீழே போன் செய்தான். "கோச்கிட்ட சொல்லுங்க. இன்னும் பதினஞ்சு வேணும். பந்த அவன் கையில குடுத்து நேரா ஓட விடுங்க, போதும்."

அதுதான் மேத்தரால் முடியவில்லை. அடுத்த முறை ஜமாரி நேரடியாகப் பந்தை வாங்கினான். ஓடுவான் என்று எல்லோரும் எழுந்து நிற்க, அவன் எறிந்தான். ஒன்பது கெஜம், எறிந்த கட்டத்தில். அதற்கடுத்து அவனைக் குறுக்கே ஓடவிட்டு ஏமாற்றி, வேறொருவன் கையில் பந்தைத் திணித்தார்கள். மூன்றாவதில் கோட்டோரம் நின்று பிடித்தான். பதினொன்று, பிடித்த கட்டத்தில்.

"என்னய்யா இது, தலையச் சுத்தி மூக்கத் தொடறான்!" என்றாள் ராஸ்.

"நேரா தொட்டா மேதைன்னு சொல்ல மாட்டாங்களே," என்றார் க்ளெமென்ட்.

இரண்டு நிமிடம் மிச்சமிருக்க, சாதனை திருத்தப்பட்டதாக ஒலிபெருக்கி அறிவித்தது. அறுபதாயிரம் பேர் ஊளையிட்டார்கள். முன்னணியில் இருந்த உள்ளூர் அணி, வெற்றி உறுதி என்பதால் ஓடாமல், பந்தோடு மண்டியிட்டே நேரத்தைக் கழித்தது. ஜமாரி 1,372இல் நின்றான்.

ஆட்டம் முடிந்து லிஃப்டுக்குப் போகும் நடைவழியில் ஹென்க் சுவரில் சாய்ந்து நின்றார். நினைவுப் பந்து திரும்ப அவர் அக்குளில் இருந்தது.

"அந்தப் பையனே கொண்டாந்து குடுத்தான், க்ளெம். கண்ணு கலங்கியிருந்துச்சு. 'நேரா ஓடறேன்னு கோச்கிட்ட மூணு தடவ கேட்டேன் சார்'னான்."

"கேட்டானா?"

"கேட்டானாம். நீதான் விட்டுக் குடுத்திருக்கலாமேப்பா. நாப்பது வருஷம் சுமந்தாச்சு, எனக்கே அலுத்துப்போச்சு. நான் சந்தோஷமாத்தான் குடுத்தேன்."

க்ளெமென்டுக்கு அன்று முழுக்க வராத அருவருப்பு அப்போதுதான் வந்தது. மேத்தரையாவது மன்னித்துவிடலாம் போலிருந்தது.

"பந்தக் குடுக்கலாம், அந்தக் கணக்க நீங்க குடுக்க முடியாது லாயல்," என்றார். "நீங்க ஓடினீங்க. அவ்வளவுதான். உங்க சொத்து இல்ல அது."

லிஃப்டு வந்தது. க்ளெமென்ட் ஏறவில்லை, பக்கத்துப் படிக்கட்டில் இறங்கினார்.