லூர்து அக்காவின் ஊப்லோன் கொடி

பெப்ரவரியில் பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணையின் அழைப்பு வந்தபோது, ரூ பெர்தொனே தெருவில் என் கடையில் ஒரு பெண்ணுக்குப் பருத்திச் சேலை ஒன்றை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "ரஞ்சி, உங்க அக்கா போயிட்டா" என்றார். விரித்த சேலையை மடிக்க எனக்குக் கை வரவில்லை. வாங்க வந்த பெண்தான் மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் லூர்து அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர், முருங்கைக்காய் முற்றல் என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்காமல் வீடு திரும்பாதவர். புறநகரான பியர்ஃபித்தில் அவரும் அவர் கணவர் அந்தோணி அண்ணையும் எனக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு கம்பிவேலிதான்.

அந்த வேலியோரம் அக்கா ஊப்லோன் வளர்த்தார். பியருக்குக் கசப்புக் கொடுக்கும் கொடி அது. அந்த வீட்டிலோ யாரும் பியர் குடிப்பதில்லை. அண்ணை பல வருடம் இரவு வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகும் தூக்கம் திரும்பவில்லை. கோடை முடிவில் அக்கா அதன் பூக்களைக் காயவைத்துத் தலையணையில் அடைத்துக் கொடுப்பார். "மாத்திரை வாணாம், இதுல படுங்க" என்பார். அண்ணையும் படுப்பார், தூங்குவார்.

எனக்கும் ஒரு வேர்த்துண்டு தந்தார். நான் புடலங்காய்க்குப் போடுவதுபோலப் பந்தல் போட்டு, தோன்றிய பக்கம் கொடியைச் சுற்றிவிட்டேன். மறுநாள் அவிழ்ந்து கிடந்தது. அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பந்தல் எதுக்கு? கயிறு கட்டி நேரா மேல ஏத்து. உங்க கோயில்ல எந்தப் பக்கமா சுத்துவீங்க? அந்தப் பக்கமே சுத்து." ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர் இதைச் சொன்னதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடி என்னவோ அவர் சொன்னபடிதான் ஏறியது.

வசந்தத்தில் வேரிலிருந்து கொத்துக்கொத்தாய்த் தளிர் கிளம்பும். கயிற்றுக்கு மூன்றை விட்டு மற்றதையெல்லாம் அடியோடு வெட்டுவார். "ஐயோ அக்கா, நல்ல தளிர்" என்பேன். "பாவம் பாத்தா பூ வராது" என்பார். வெட்டியதை நான் எறிய விடமாட்டேன். தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுப்பேன். எதிலும் குறை சொல்கிற மனுசி அதில் மட்டும் குறை சொன்னதில்லை.

இந்த ஏப்ரலிலும் அக்காவின் கொடியில் தளிர்கள் வந்தன. கத்தரிக்கோலோடு போனேன். அண்ணை மறித்துக்கொண்டு நின்றார். "அவ வெச்சது. ஒண்ணையும் வெட்டாத." அவர் கண் சிவந்திருந்தது, பழைய தலையணையில் வாசம் போய்விட்டதாம். அப்படியே விட்டால் கொடிகள் நெரிபட்டுச் சரியாகப் பூக்காது, அவருக்குத் தூக்கமும் இல்லை. துக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்ல மனம் வராமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி போனேன். "அண்ணை, அக்கா இருந்தா என்ன சொல்லுவா எண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்றேன்.

அண்ணை கொடிப்பக்கம் திரும்பினார். "பாவம் பாத்தா பூ வராதும்பா" என்றார். பிறகு கத்தரிக்கோலை வாங்கித் தானே குனிந்து வெட்டினார். கயிற்றுக்கு மூன்றுக்குப் பதில் நான்கை விட்டார். அந்த நான்காவதையும் நானே கயிற்றில் சுற்றிவிட்டேன். அன்று வறையை இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

தலையணை உறையை ஒவ்வொரு வருடமும் அக்காதான் தைப்பார். இனி அது என் வேலை. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். அன்று என் கையால் மடிக்க முடியாமல் போன பருத்திச் சேலையை நான் விற்கவில்லை. பூ வரட்டும், அதில்தான் தைக்கப்போகிறேன்.