கரி போடாத வண்டி

கல்யாணமாகி மூன்றாம் மாதம், திருத்தணியில் புதிதாகப் போட்டிருந்த டென்ட் கொட்டகைக்கு என் வீட்டுக்காரர் என்னைப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். இங்கிலீஷ் படம். ஒருத்தன் தன் காதலியோடு ராக்கெட்டில் ஏறிச் சந்திரனுக்குப் போகிறான். அங்கே பல்லி மூஞ்சி ராஜா ஒருவன் அவளைப் பிடித்து வைத்துக்கொள்கிறான். பேச்சு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன? ராஜாவின் வால் கழன்று விழுந்ததும், அவன் அதை எடுத்து மறுபடி சொருகிக்கொண்டதும் எந்த பாஷையிலும் சிரிப்புதான். வாய்விட்டுச் சிரித்தேன்.

மணல் தரையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு தட்டி. ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போட்டுவிடுவார்கள். எனக்குச் சனியன் பிடித்தது அந்த வெளிச்சத்தில்தான். என் வீட்டுக்காரருக்கு அரக்கோணத்தில் ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. விளக்கு வந்ததும் எழுந்து நின்று, ராக்கெட்டில் கரி இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, புகை மட்டும் எங்கிருந்து வருகிறது என்று அக்கம்பக்கத்தாருக்குப் பாடம் நடத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி ரீலுக்கு முன்னால் தட்டி ஓரம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

“எழுந்துரு, பூடலாம். கரியே போடாம வண்டி ஓட்றான். ஊர ஏமாத்திகினு கீறான்.”

அந்தப் பெண் இன்னும் சந்திரனில்தான் இருக்கிறாள். வீடு வந்து சேர்ந்தாளா இல்லையா என்று தெரியாமல் நான் எப்படி எழுவது? அவர் கிளம்பினால் நானும் கிளம்பியாக வேண்டும். கிருத்திகை தவறாமல் மலையேறுகிற மனிதர். அதைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏங்க, நம்ம சாமி மயில் மேல உலகத்தையே சுத்தி வந்தாரே, அதுக்கு யாருங்க கரி போட்டது?”

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. நாலு பேர் எதிரில் புருஷனை இப்படிக் கேட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி ரீலில் ராக்கெட் பூமியைப் பார்த்துப் பாய்ந்து வந்தது. உள்ளே அவனும் அவளும் ஒருவரையொருவர் பார்த்து இளித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் மூச்சு சத்தம்கூட இல்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது.

“டேய், பிரேக்க புடிடா.”

எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முட்டி போட்டு நின்று, இல்லாத பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாகப் பயந்து பயந்து நான் சோறு போட்ட மனிதர் மேல் அன்றைக்குத்தான் எனக்கு ஆசை வந்தது.

அடுத்த கிருத்திகைக்கு மலையேறினோம். சாமி மயில் வாகனத்தில் புறப்பட்டு வந்தார். என் வீட்டுக்காரர் கும்பிட்ட கையை எடுக்காமலே என் காதருகே குனிந்தார்.

“தண்ணி கூட ஊத்தல பாரு” என்றார்.