கோரையின் சொந்த இடம்

என் மாமாவைப் போல ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேலை செய்வது பெரிய தலையிடி. அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் கிளார்க். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தார். மாதா கோயில் பூசையில் சாமியார் சொன்ன பிரசங்கத்திலேயே பிழை பிடிக்கிற மனிதர் என்னை விடுவாரா?

எனக்குப் பத்து வயது. வீட்டருகில் முளைக்கிற ஒரு புல்லைக் காயவைத்து அட்டையில் ஒட்டி, விபரம் எழுதி வரச் சொல்லியிருந்தார் டீச்சர். மிக நல்லதைக் கண்காட்சியில் வைப்பார்கள். அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டுமென்று முடிவே கட்டியிருந்தேன். நான் ஒட்டி முடித்ததும் மாமா வந்து அட்டைமேல் குனிந்தார்.

“இது புல் இல்ல, கோரை. வேற குடும்பம்.”

சும்மா சொல்லிவிட்டுப் போனாரா? மதிலோரம் போய் அதன் பச்சைத் தண்டொன்றைப் பிடுங்கி வந்து என் விரல்களுக்கிடையில் வைத்து உருட்டினார். “மூண்டு மூலை தெரியுதா? புல்லெண்டா உருண்டையா இருக்கும், கணுவும் இருக்கும்.”

அழாக்குறையாகப் புது அட்டையில் ‘கோரை’ என்றே எழுதினேன். ‘சொந்த இடம்’ என்ற கட்டத்தில் ‘இலங்கை’ என்று போட்டால் போதும். மாமா பேனையைப் பறித்தார். தென்னாசியா, ஆபிரிக்கா, தென் ஐரோப்பா என்று அடுக்கினார். கொஞ்சம் யோசித்து, ஓரத்தில் நெருக்கி அவுஸ்திரேலியாவையும் எழுதினார்.

கண்காட்சிக்கு வேறொருத்தியின் அட்டை போனது. என்னுடையதில் அவுஸ்திரேலியாவுக்குக் குறுக்கே டீச்சரின் சிவப்புக் கோடு. பின்னேரம் வாசலிலேயே காத்திருந்தேன். சாப்பாட்டுப் பையோடு மாமா வந்தார்.

“அவுஸ்திரேலியா கோரையின்ர சொந்த இடமில்லையாம். வேற இடத்தில இருந்து அங்க போய் முளைச்சதாம். எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கதைச்சீங்களே.”

மாமா அட்டையை வாங்கி அந்தக் கோட்டையே பார்த்தார். “போய் முளைச்சு, கன காலம் இருந்தா? பிறகும் சொந்த இடமாகாதோ?”

“ஆகாது,” என்றேன், முகத்திலடித்தாற்போல.

அவர் அட்டையைத் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவுஸ்திரேலியாவில் குடியேற விசா கிடைத்த கடிதம் அப்போது அந்தச் சாப்பாட்டுப் பைக்குள் இருந்ததென்று, அவர் நாட்டைவிட்டுப் போன பிறகுதான் அம்மா சொன்னார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமாவை முதல் தடவையாக வாயடைக்க வைத்துவிட்டேன் என்பதுதான். அந்தச் சந்தோசத்தில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.