செல்வின் சாரும் அவருடைய இடப்பக்க வால்வும்

சில நாள்களாக விடாத மழை. கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். வீட்டுக்குள் ஏறிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தபோது எங்கள் துறை அலுவலக உதவியாளர் முருகன் ஃபோன் செய்தார். "மேடம், நம்ம செல்வின் சார் தவறிட்டாவ. மாப்பிள்ளையூரணி பக்கம் முட்டளவு தண்ணிக்குள்ள பைக்கைத் தள்ளிக்கிட்டு வந்திருக்காவ. மூச்சு முட்டி அங்கனயே உக்காந்தாவளாம், பெறவு எழும்பல" என்றார். எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செல்வின் சார் சாத்தான்குளத்துக்காரர். தூத்துக்குடியில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் பேராசிரியர். அதே துறையில் நானும் வேலை பார்க்கிறேன். கல்லூரிக்கு வருவதற்கு முன் அவர் துறைமுகத்துக் கிரேன்களின் பலத்தைக் கணிக்கும் வேலையில் இருந்தார். கிரேனின் நீண்ட கையைக் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, பாரம் தூக்கும்போது எந்தத் துண்டு எவ்வளவு இழுபடுகிறது, எங்கே முதலில் விரிசல் விடும் என்று பார்ப்பது அந்த வேலை. கட்டடமோ பாலமோ, எதைப் பார்த்தாலும் "இது எங்கன விரிசல் விடும்?" என்றுதான் முதலில் கேட்பார். கல்யாண வீட்டுப் பந்தலில்கூட அண்ணாந்து பார்த்தபடியேதான் சாப்பிடுவார்.

ஒரு முறை எங்கள் கல்லூரியில் பேச ஓர் இதய மருத்துவர் வந்தார். இதயத்தின் இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள வால்வு திறந்து மூடுவதைத் திரையில் காட்டினார். பேச்சு முடிந்து எல்லோரும் வடையும் டீயுமாக நிற்க, செல்வின் சார் மட்டும் மருத்துவரை விடவில்லை. கிரேனுக்குப் போடும் கணக்கை இதற்கும் போடலாமே என்பதுதான் அவர் கேள்வி. இரும்பு எங்கே, சவ்வு எங்கே என்று நான் கிண்டல் செய்தேன். அன்று தொடங்கிய வேலைதான், கடைசி வரை அவர் வேறு எதையும் தொடவில்லை. என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஸ்கேன் படத்திலிருந்து வால்வின் உருவத்தை எடுத்து ஆயிரக்கணக்கான முக்கோணங்களாகப் பிரித்துக் கொடுப்பது என் பங்கு.

மாணவர்களுக்கு அவர் வால்வைப் புரிய வைத்த விதம் வேடிக்கையானது. காற்று வீசுகிற ஒரு நாளில் எல்லோரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பழைய குடை ஒன்றை விரித்தார். துணிதான் வால்வின் இதழ், கம்பிகள்தான் அதைக் கீழிருந்து பிடித்திருக்கும் நாண்கள், காற்றுதான் ரத்தத்தின் அழுத்தம் என்றார். கம்பிகள் பலமாக இருக்கும் வரை துணி விறைத்து நிற்கும். ஒரு கம்பி போனால் பக்கத்துக் கம்பிக்குப் பாரம் கூடும், பிறகு குடை மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். சொல்லி முடிப்பதற்குள் குடை மடங்கிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டர் ரொம்ப நேர்மையான ஆளு. நாம கேட்டதுக்குத்தான் பதில் சொல்லும். கேக்காததுக்கு அது பொறுப்பில்ல" என்றார். எங்கள் துறையில் இது எல்லோர் வாயிலும் புழங்குகிற பேச்சாகிவிட்டது.

எங்களுக்கு இருந்த பெரிய குறை ஒன்றுதான். நோய் முற்றிய வால்வுகளின் படங்கள் மருத்துவரிடமிருந்து கிடைத்தன. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல வால்வு வேண்டியிருந்தது. எனக்கு ஒரு கேடும் இல்லை, என்னுடையதை எடுங்கள் என்று செல்வின் சார் சட்டையைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்தார். எக்கோ ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்த மருத்துவர் பேச்சை நிறுத்தினார். இதழ் ஒன்று பின்னோக்கிப் புடைத்திருந்தது. ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கலங்கிப்போயிருப்பார்கள். இவர் மறுநாள் என் அறைக்கு வந்து, "மேடம், நமக்கு ஆள் கெடைச்சாச்சு" என்றார். நோயாளிகள் மூச்சு வாங்கிய பிறகுதான் வருகிறார்கள், வந்ததும் அறுவை நடந்துவிடுகிறது, ஒரு வால்வு கெட்டுக்கொண்டே போவதை ஆரம்பத்திலிருந்து பார்த்தவர் யார் என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. அதை அப்போதே சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

முதலில் மருத்துவரும் பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். குறிப்பிட்ட இடைவெளியில் செல்வின் சார் போய் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், மூச்சைப் பிடித்துக்கொள்வார், படம் வரும், நான் முக்கோணங்களாக்குவேன், அவர் கணக்குப் போடுவார். திரையில் அவருடைய வால்வு திறந்து மூடும். இழுவை கூடிய இடம் சிவப்பாகத் தெரியும். படத்துக்குப் படம் அந்தச் சிவப்பு பரவிக்கொண்டே போனது.

பிறகு அவர் மாடிப்படியில் தளத்துக்குத் தளம் நின்று அறிவிப்புப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார். ஒரு நாள் நானும் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். எப்போதோ முடிந்துபோன விளையாட்டு விழாவின் அறிவிப்பு அது. "மூச்சு வாங்குதா சார்?" என்று கேட்டேன். "வயசாகுதுல்லா மேடம்" என்றார். அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். இனித் தள்ளிப்போடக் கூடாது, மதுரைக்குப் போய் வால்வைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று அவர் சாரிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

செல்வின் சார் கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றார். அதற்குள் இன்னும் ஒரு படம் எடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. நானும் அவரும் பெரிதாகச் சண்டை போட்டது அப்போதுதான். உங்கள் உயிரை வைத்தா ஆராய்ச்சி என்று கத்தினேன். அவர் கோபப்படாமல் என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினார். எந்த நாணும் அறுகிற அளவுக்கு இழுபடவில்லை, அந்த எல்லைக்கு இன்னும் நல்ல இடைவெளி இருக்கிறது என்று எண்களோடு விளக்கினார். எண்கள் சரியாகத்தான் இருந்தன. அவர் மனைவி கிரேஸ் அக்காவையும் இப்படித்தான் சமாதானப்படுத்தியிருக்கிறார். அக்கா பள்ளியில் தமிழாசிரியை. கணவரின் கணக்கை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே மழை வந்துவிட்டது. அது விட்ட பிறகுதான் அவர் வீட்டுக்குப் போக முடிந்தது. முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மருத்துவரும் வந்திருந்தார். தண்ணீருக்குள் வண்டியைத் தள்ளிய பிரயாசையில் நாண் அறுந்திருக்கும், நுரையீரலில் நீர் கட்டியிருக்கும், வேறு எதுவும் இருக்க முடியாது என்று என்னிடம் மெல்லச் சொன்னார். கிரேஸ் அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பாட்டுப் பாடிக்கொண்டிருந்த சபையார் ஓய்ந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்கள்.

"ஏளா, நீயும் சேந்துதான் பாத்த. அந்தக் கணக்கு தப்பா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "கணக்கு சரிதான்க்கா. ஆனா நாங்க எடுத்த படம் எல்லாமே சார் படுத்திருந்தப்ப எடுத்தது. படுத்துக் கெடக்குற இதயத்துக்கு அது சரி" என்றேன்.

அக்கா கண்ணாடியில் படிந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்கள்.

"அவிய என்னைக்குளா படுத்துக் கெடந்தாவ?"

நாங்கள் அந்தக் கேள்வியைக் கம்ப்யூட்டரிடம் கேட்கவே இல்லை. ஓய்ந்து உட்காரத் தெரியாத மனிதர், விடிந்ததும் கடற்கரைச் சாலையில் நடப்பவர், யார் வண்டி நின்றாலும் இறங்கித் தள்ளுகிறவர். அந்த ஆள் எங்கள் முக்கோணங்களில் எங்குமே இல்லை. இனி அவருடைய வால்வின் படங்களை வைத்து வேறு யாருக்காவது நல்லது நடக்குமா என்று கேட்கிறார்கள். நடக்கலாம். இன்றைக்கு அதை நினைத்துப் பார்க்க என்னால் ஆகவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் தரை சேறாகக் கிடந்தது. தோண்டிய குழியில் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை பார்த்தேன். நாங்கள் கணக்கில் வைத்திருந்தபடியே அவர் படுத்திருந்தார்.

போய் வாருங்கள் சார். உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.